மைக்கில் வாசித்த பெயர்

7 மே 2025, புதன்

இன்று பிரஸ் ஷாப்பில் இரண்டு பேர் லேட். இரண்டு பேருக்கும் அரை நாள் சம்பளம் வெட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைம் ஆபீஸ் வேலை என்றால் இதுதான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் பெயர் லிஸ்டில் இருக்கிறது, யார் பெயரை எடுக்க வேண்டும். முகம் தெரியாது. டோக்கன் நம்பர் தெரியும்.

சாயங்காலம் சபையில் கூட்டம். ஒடிசா ஊழியப் பயணம் ரத்து. எட்டுப் பேருக்கும் வெயிட்டிங் லிஸ்ட். கடைசிவரை ஒரு சீட்டும் உறுதியாகவில்லை. வாலிபர் ஐக்கியத் தலைவர் பூபாலன் அண்ணன் எழுந்து, "கர்த்தர் ஒரு கதவை அடைச்சா இன்னொரு கதவைத் திறப்பார்" என்றார். கதவை அடைத்தது ரயில்வே. அவரே ரயில்வேயில்தான் வேலை செய்கிறார்.

திறந்த கதவு எது? சென்னீர்குப்பம். எங்கள் பட்டாபிராமிலிருந்து ஆவடி போய் பூந்தமல்லி பஸ் பிடித்தால் முடிந்தது. பத்து நாள், அங்கேயே தங்கல்.

கீபோர்ட் வாசிக்கும் ஜெகதீஷ் என் காதில், "பாஸ்போர்ட் எடுத்துக்கணுமா மதி?"

வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார். முப்பது வருஷம் டேங்க் ஃபேக்டரி இரும்போடு இருந்த மனிதர், லேசில் சிரிக்க மாட்டார். "பூந்தமல்லிக்குப் போறதுக்கா தலையில கை வெச்சு ஜெபிச்சு வழியனுப்பப் போறாங்க?"

லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. போகத்தான் போகிறேன். பத்து நாளாவது டோக்கன் நம்பர் இல்லாத மனிதர்களைப் பார்க்க வேண்டும்.

8 மே, வியாழன்

தலையில் கை வைத்து வழியனுப்பினார்கள். பதினொரு நிமிஷம்.

9 மே, வெள்ளி

கத்திரி வெயிலில் வந்து சேர்ந்தோம். தங்குவது வடிவு அக்கா வீட்டு மாடி. பாஸ்டருக்குத் தெரிந்தவர். கீழே கிரைண்டர் போட்டு தெருவுக்கே இட்லி மாவு அரைத்துத் தருகிறார். எங்களைப் பார்த்ததும், "எட்டு பேர்னு சொன்னாங்க, ரெண்டு ஸ்பீக்கர் வேற வந்துகீது" என்றார்.

வேலை பிரித்தார்கள். ஜெகதீஷுக்குப் பாட்டு. பூபாலன் அண்ணனுக்குச் செய்தி. மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் வேதாகமப் பள்ளி. எனக்கு ஜெப மேஜை, அதாவது ஊராரின் தேவைகளைக் கேட்டு வாங்கி ஜெபிப்பது. பாடவும் வராது, பிள்ளைகளிடம் பொறுமையும் கிடையாது, அதனால் ஜெபம். எதற்கும் உதவாதவளுக்குக் கொடுக்கிற வேலை.

எனக்கு ஜெபமும் வராது என்பது இவர்களுக்குத் தெரியாது. ஃபாரம் நிரப்புவது மாதிரிதான் ஜெபிக்கிறேன். பெயர், தேவை, நன்றி, ஆமென்.

அதோடு எனக்குக் கோபமும் உண்டு. "ஜெபித்துக்கொள்கிறோம்" என்பது எங்கள் ஆட்கள் நழுவிப்போகும் வாசல். போன வருஷம் சபையில் ஒரு அண்ணனுக்கு மெஷினில் இரண்டு விரல் போனது. பெரியவர்கள் வந்தார்கள். மிச்ச விரல்களைப் பிடித்துக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். காபி குடித்தார்கள். போனார்கள். இழப்பீட்டுக்கு மனு எழுத ஒருத்தரும் உட்காரவில்லை.

நான் உட்கார்ந்தேனா? இல்லை.

10 மே, சனி

ஜெகதீஷ் ஷூ டப்பாவில் வாய் வெட்டி, ஜெபக் குறிப்புப் பெட்டி செய்து கொடுத்தான். தெருத் தெருவாகப் போனோம். "மதம் மாத்த வந்தீங்களா?" என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள். "இல்லை, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு ஜெபிக்க" என்றேன். ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நியாயம்தான்.

ஆனால் பெட்டி நிறைந்துவிட்டது. ஆச்சரியம். "பையனுக்கு பத்தாவது ரிசல்ட்." "தண்ணி லாரி எங்க சந்துக்குள்ள வரணும்." ஒரு சீட்டில் "மாமியார்" என்று மட்டும். ஜெகதீஷ், "போகணுமா வரணுமா, ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

ஒன்றை மட்டும் இரண்டு முறை படித்தேன். நோட்டிலிருந்து கிழித்த தாள், நாலாக மடித்தது.

"எனக்கு மூணு மாசம். ரெண்டு தடவ கலஞ்சிபோச்சி. இது நிக்கணும். கம்பெனில யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா நிப்பாட்டிடுவாங்க. ராதிகா."

11 மே, ஞாயிறு

மாடியில் முதல் கூட்டம். நாற்காலி போதாமல் தெருவிலும் நின்றார்கள். எங்கள் சபை வழக்கப்படி ஜெபக் குறிப்புகளை மைக்கில் வாசிப்போம். பெயரும் தேவையும் சொன்னதும் எல்லாரும் "ஆமென்" என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

நான்தான் வாசித்தேன். ராதிகா சீட்டு வந்தபோது கம்பெனி விஷயத்தைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டேன். "சகோதரி ராதிகா. மூன்று மாதக் கர்ப்பம். இரண்டு குழந்தைகளை இழந்தவர். இந்தக் குழந்தை நிலைத்திருக்க." மாடி, தெரு, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து ஆமென். அப்படி ஒரு ஆமெனை நான் கேட்டதில்லை.

பூபாலன் அண்ணன், "மதி, உனக்கு இதுல வரம் இருக்கு" என்றார். பெருமையாக இருந்தது.

12 மே, திங்கள்

என்ன செய்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு வடிவு அக்கா மாவுக் கையோடு மாடி ஏறி வந்தார். "இன்னாம்மா பண்ணி வெச்சிகிற நீ? அந்தப் பொண்ணு புடவய இறுக்கிக் கட்டிகினு, வாந்திய முழுங்கிகினு, மூணு மாசமா மூடி வெச்சிருந்தா. நீ மைக்குல போட்டு ஒடச்சிட்ட."

"நான் கம்பெனி பேர்கூட சொல்லலையேக்கா."

"கம்பெனி பேரு இன்னாத்துக்கு? எதிர் மாடில நின்னுகினு இருந்தானே எத்திராஜு, அவன்தான் அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்குற காண்ட்ராக்ட் சூப்பர்வைசரு. நீ வாசிச்சத கைய கட்டிகினு கேட்டான்."

ராதிகா வேலை செய்வது கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில். மூன்று வருஷமாக. இன்று காலை ஆறரை ஷிப்டுக்குப் போனவளை எத்திராஜ் கேட்டிலேயே நிறுத்தி, "புள்ள பெத்துகினு வா, அப்பறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டானாம்.

வேலை போனால் இ.எஸ்.ஐ. போகும். அது போனால் ஆஸ்பத்திரி, பேறுகால விடுப்பு எல்லாம் போகும். இரண்டு தடவை கலைந்தவள். இது எனக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தவள்தான் வாசித்தேன்.

13 மே, செவ்வாய்

போனேன். மூன்றாவது சந்து, கடைசி வீடு. கதவைத் திறந்தவள் என் வயதுதான் இருப்பாள். இருபத்துநாலு, இருபத்தஞ்சு. "நீங்கதானே வாசிச்சது?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது பூபாலன் அண்ணன் தலையசைத்தார். "சாயங்காலம் அந்தச் சகோதரிக்காக விசேஷமா ஜெபிப்போம்."

"எங்க? மைக்கிலயா?" கத்திவிட்டேன். "இன்னொரு தடவ ஊருக்கே சொல்லணுமாண்ணா? சொல்லுங்க! ஸ்பீக்கர இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெச்சிடலாமா?"

பிள்ளைகள் கிரேயானை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

14 மே, புதன்

ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் முழங்காலிட்டேன். சிமெண்ட் தரை இரவு முழுக்கக் குளிராமல் அப்படியே சூடாக இருந்தது. பெங்களூர் ரோட்டில் லாரிகள். வழக்கமான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அன்புள்ள பரலோகப் பிதாவே" என்று தொடங்கினால் எனக்கே பொய்யாகப் பட்டது. பெயர் மட்டும்தான் வந்தது. ராதிகா. திரும்பவும் ராதிகா. எத்தனை தடவை சொன்னேனோ.

ஆமென் சொன்னேன். எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போக வேண்டும் என்று முடிவெடுத்ததாக ஞாபகமில்லை. கால் முன்னாலேயே கிளம்பிவிட்டது.

இன்று கதவு திறந்தது. அவள் கணவர் கோபி, குட்டியானை மினி லாரி ஓட்டுகிறவர், லோடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னா, இன்னொரு சீட்டு வேணுமா?" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

ராதிகா உட்காரச் சொன்னாள். சுவரில் முருகன் காலண்டர். அதே ஆணியில் ஒரு தர்காக் கயிறு. பக்கத்தில் எங்கள் துண்டுப் பிரசுரம்.

"எல்லா சாமிகிட்டயும் சொல்லி வெச்சேன்" என்றாள். "உங்க சாமிதான் ஊருக்கே சொல்லிடுச்சி."

"சாமி சொல்லல. நான்தான் சொன்னேன். தப்பு என்னுது."

அவள் அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நேற்று எத்திராஜ் கொடுத்தனுப்பியது. கையெழுத்துப் போட்டால் பிரசவம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வானாம்.

"சொந்தக் காரணங்களால் நானாகவே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்."

அந்த வரி எனக்கு மனப்பாடம். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே வரி இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுப்பவள் நான். போன வருஷம் மட்டும் பதினொன்று. யாருக்காவது வயிறு இருந்ததா என்று கேட்டதில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று இருந்தேன்.

இதை அவளிடம் சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் தெரியவில்லை. சொல்லாமல் அந்தத் தரையில் உட்கார முடியவில்லை.

"இதுல கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். "வீட்லயும் இருக்காதீங்க. பத்து நாள் போகலைன்னா, தானா நின்னுட்டாங்கன்னு எழுதிடுவோம்— எழுதிடுவாங்க. தினமும் ஷிப்ட் நேரத்துக்குப் போய் நிக்கணும். உள்ள விடலைன்னாலும் வந்தேன்னு கேட் ரிஜிஸ்டர்ல எழுத வைக்கணும்."

"தனியாவா போவேன்?"

"நான் வரேன்."

"நீங்க பத்து நாள் டூர் வந்தவங்கதானே."

பளாரென்று விழுந்தது. சரியாகத்தான் சொன்னாள்.

15 மே, வியாழன்

முதல் நாள். ஆறே காலுக்கே கேட்டில் நின்றோம். செக்யூரிட்டி தசரதன் நல்ல மனிதர் போல, முகத்தைப் பார்க்க முடியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மேல சொல்லியிருக்காங்கம்மா. எழுத முடியாது." எட்டரை வரை நின்றோம். வெயில் ஏறியதும் ராதிகாவை வீட்டில் விட்டேன்.

மாடியில் சண்டை. பூபாலன் அண்ணன்: "நாம வந்தது ஊழியத்துக்கு மதி, யூனியனுக்கு இல்ல. எத்திராஜ் புகார் கொடுத்தா மிச்ச நாளும் போச்சு."

"மிச்ச நாள்ல என்ன பண்ணப் போறோம்ணா? இன்னும் ரெண்டு பேரை வேலையைவிட்டு எடுக்கவா?"

"ஜெபம் ஒரு வல்லமையான ஆயுதம்னு நீ நம்பல."

"நம்பறேன். அதான் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை நாம ஜெபிச்சோம், திங்கக்கிழமை ஒருத்தி வேலை போச்சு."

ஜெகதீஷ் கீபோர்டுக்குத் துணி போட்டு மூடினான். "காலைல எத்தன மணிக்கு மதி?"

16 மே, வெள்ளி

உபவாச ஜெப நாள். வழக்கமாக மாடியில் உட்கார்ந்து பசியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்போம். இன்று நாங்கள் ஐந்து பேர் காலை முதலே கம்பெனிக்கு எதிர்ப்பக்கம், மூடிக் கிடந்த டீக்கடை நிழலில். பாட்டு இல்லை. பேனர் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபித்தோம். எனக்கு இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறது. கண்ணை மூடினால் வேறு யாரோ ஆகிவிடுகிறேன்.

"பைபிள்ல எரிகோ மதில் விழுந்த மாதிரி நாமளும் ஏழு தடவ சுத்தலாமா?" என்றான் ஜெகதீஷ். அவனே பதிலும் சொன்னான்: "செவுரு பூரா கேமராவா கீது மாமே, ஏழாவது ரவுண்டுல போலீஸ் வந்துடும்."

ராதிகா தானாகவே செக்யூரிட்டி அறைக்குப் போனாள். "அண்ணே, உள்ள விடச் சொல்லல. வந்தேன்னு மட்டும் எழுதுங்க." தசரதன் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பார்வையாளர் ரிஜிஸ்டரை எடுத்தார். ராதிகா வந்து சொன்னாள். பார்க்க வந்தவர்: ராதிகா. காரணம்: வேலைக்கு.

நடுரோட்டில் நின்று சிரித்தோம். நாலு நாளில் அவள் சிரித்து முதல் தடவை பார்க்கிறேன்.

திரும்பும் வழியில் கேட்டாள். "நீங்க அங்க நின்னுகினு இன்னா ஜெபம் பண்றீங்க?"

"உங்க பேரைச் சொல்றேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சரி, சொல்லுங்க" என்றாள்.

17 மே, சனி

முழுசாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இன்று ஏழு பேர். ஒருத்தி மட்டும் பிள்ளைகளோடு. கடைசியாக வந்தவர் பூபாலன் அண்ணன். பைபிள் இல்லை, கையில் தண்ணீர் கேன். "அந்தப் பொண்ணு நின்னா மயக்கம் வரும்ல" என்றார். மடக்கு நாற்காலி ஒன்றையும் வடிவு அக்கா வீட்டிலிருந்து தோளில் போட்டு வந்திருந்தார். ராதிகாவைக் கேட்டுக்கு நேராக அதில் உட்கார வைத்தார்.

ஷிப்டுக்குப் பெண்கள் வரிசை நின்றிருந்தது. நூறு பேர் இருக்கும். எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

எத்திராஜ் பைக்கில் வந்து இறங்கினான். "இன்னா சீன் போட்டுகினு கீறீங்க? ஜெபம் பண்ண வந்தவங்க ஜெபம் பண்ணிட்டுப் போகணும்."

"அதைத்தாண்ணா பண்ணிகினு இருக்கோம்" என்றேன். என் வாயிலும் கினு வந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஹெச்.ஆர். வந்தாள். தீபிகா என்று அட்டையில் இருந்தது. என் வயது. கண்ணில் என்னுடையது போலவே தூக்கமில்லாத கறுப்பு. நான் நேராகப் போய், "மேடம், நானும் டைம் ஆபீஸ்தான், அம்பத்தூர்ல. இவங்க திங்கட்கிழமை வந்தாங்க, கேட்ல திருப்பி அனுப்பினாங்க. நேத்து வந்தது ரிஜிஸ்டர்ல இருக்கு. கர்ப்பமா இருக்கிறதா இவங்களே எழுதின லெட்டர் இது. வாங்கிட்டு முத்திரை போட்டுக் கொடுங்க" என்றேன். தாளை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன்.

தீபிகா லெட்டரைப் படித்தாள். எத்திராஜைப் பார்த்தாள். "வேலை குறைவுன்னு சொல்லித்தானே அனுப்பினதா சொன்னீங்க? கர்ப்பம்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்டி மேடம் தெரியும்? சத்தியமா தெரியாது" என்றான்.

எனக்கு வாய் திறக்கவே நேரம் கிடைக்கவில்லை. வரிசையிலிருந்து ஒரு அக்கா, சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கத்தினார். "இன்னாது, தெரியாதா? மைக்கு போட்டு சொன்னாங்களே! தெருவே ஆமென்னு சொல்லிச்சே!"

இன்னொரு குரல்: "எத்திராஜண்ணே, நீயுந்தான் எதிர் மாடில நின்னுகினு இருந்த. நீ சொல்லல ஆமென்?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒருத்தி விளையாட்டாக, "ஆமென்!" என்றாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு மொத்த வரிசையும். பொட்டு வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள், பூ வைத்தவர்கள், நூறு பேர் கம்பெனி கேட்டில் நின்று ஆமென் ஆமென் என்று கத்தினார்கள். தசரதன் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

எத்திராஜ் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தெரியாது என்றால் தெருவே பொய் சொல்கிறது என்றாக வேண்டும். தெரியும் என்றால் எதற்கு நிறுத்தினான் என்று சொல்ல வேண்டும். நான் செய்த தப்பே அவனுக்குச் சாட்சியாக வந்து நின்றது. இதை நான் யோசித்திருக்கவில்லை. யாருமே யோசித்திருக்க முடியாது.

தீபிகா லெட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது நிமிஷம். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூபாலன் அண்ணனின் உதடும் அசைந்தது. சத்தமே இல்லை. அவர் சத்தமில்லாமல் ஜெபித்து இன்றுதான் பார்க்கிறேன்.

முத்திரை போட்ட நகல் வந்தது. "ஸ்டிக்கர் ஒட்டுற செக்‌ஷன். உட்கார்ந்து பண்ற வேலை. இன்னைக்கே உள்ள வரலாம்." என்னிடம் மட்டும் மெதுவாக, "உங்க கம்பெனில வேகன்சி இருந்தா சொல்லுங்க" என்றாள் தீபிகா.

ராதிகா எழுந்தாள். வரிசையில் போய் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து உள்ளே போனாள்.

பெருமையாக இருக்கிறது. கிறிஸ்தவர் பெருமைப்படக் கூடாது என்பார்கள். எழுதுகிறேன்: ரொம்பப் பெருமையாக இருக்கிறது. அவளைப் பற்றி. அந்த வரிசையைப் பற்றி. மடக்கு நாற்காலியைத் தூக்கி வந்த மனிதரைப் பற்றியும்தான்.

18 மே, ஞாயிறு

காலையில் பூபாலன் அண்ணன் தனியாகப் போய் ராதிகா வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கோபி டீ வாங்கிக் கொடுத்தாராம். "ஸ்ட்ராங்கா இருந்துச்சு" என்றார்.

கடைசிக் கூட்டம். மைக் இல்லை. சீட்டு வாசிக்கவில்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு எடுத்துக்கொண்டு, அந்தந்த வீட்டுக்குப் போய், முதலில் கேட்டோம்: "எப்படி ஜெபிக்கட்டும்? சத்தமாவா, மெதுவாவா?" மாமியார் சீட்டு எழுதியது ஒரு மருமகன். போகவும் இல்லை, வரவும் இல்லை, படுத்த படுக்கையாக இருக்கிறாராம். ஜெகதீஷ் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். வந்து ஜோக் அடிக்கவில்லை.

வடிவு அக்கா ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்தார். "ஒடச்சவளே ஒட்ட வெச்சிட்டுப் போற. போ போ."

20 மே, செவ்வாய்

டைம் ஆபீஸ். அதே நாற்காலி. அந்தப் பதினொரு பேரின் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஏழுதான் வருகிறது. அந்த ஏழு பெயரையும் இனி தினமும் காலை ஜெபத்தில் சொல்ல வேண்டும். மிச்சம் நாலு பேர் யார்?

11 ஜூன், புதன்

மேனேஜர் லிஸ்ட் கொடுத்தார். "இதுல மூணு பேர், வழக்கமான லெட்டர்." கம்ப்யூட்டரில் அந்த வரி தயாராக இருந்தது. விரல் கீபோர்டில். மூன்று பெயரையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

மேஜைக்கு அடியில் கால் செருப்பைத் தேடியது.

பேக்கிங் பக்கம் போனேன். டைம் ஆபீஸிலிருந்து ஆள் இறங்கி வந்ததைப் பார்த்ததே இல்லை போல, பயந்துவிட்டார்கள். இரண்டு பேர் நிஜமாகவே ஊருக்குப் போகிறார்கள். மூன்றாவது பெண், ரேணுகா, நிற்பதாகச் சொல்லவே இல்லை. முதுகுவலிக்கு நாலு நாள் லீவு கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இரண்டு லெட்டர் மட்டும் எடுத்து வைத்தேன்.

"மூணாவது எங்க?"

"அவங்க நிக்கல சார். கேட்டேன்."

"உன்னை யாரு கேக்கச் சொன்னா?"

நல்ல கேள்வி. பதில் சொன்னால் சிரிப்பார். சொல்லவில்லை. லெட்டரும் அடிக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ.

12 ஜூன், வியாழன்

ஒன்றும் ஆகவில்லை. ரேணுகா லிஸ்டில் இருக்கிறாள். என் மேஜையை ஃபேன் இல்லாத மூலைக்கு நகர்த்திவிட்டார்கள். வேர்க்கிறது. பரவாயில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ராதிகாவுக்கு வளைகாப்பு. இரண்டு கையிலும் வளையல் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டாள். "நீயும் ஒரு ஜெபம் பண்ணு. மெதுவா." வயிற்றின் மேல் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு உதை. ஆமென் சொல்ல மறந்துபோனேன்.

16 நவம்பர், ஞாயிறு

பதினொன்றில் ஒன்பது பெயர் தெரிந்துவிட்டது. இரண்டு பேரை நேரில் பார்த்தும் விட்டேன். ஒருத்தி என்னோடு பேசவில்லை. அவள் பெயரையும் சொல்கிறேன்.

இன்று பட்டாபிராம் சபை வாசலில் ஆராதனைக்கு முன்னால் ஒரு குட்டியானை வந்து நின்றது. கோபி. சவரம் செய்யாத முகம், கையில் ஒரு டப்பா ஜாங்கிரி, சட்டைப் பையில் நாலாக மடித்த தாள். "உன்கிட்டதான் குடுக்கணுமாம். வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாதாம்."

எங்கள் புதிய ஜெபக் குறிப்புச் சீட்டுத்தான். வளைகாப்பு அன்று அவள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. மே மாதத்துக்குப் பிறகு அச்சடித்ததில் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "சபையில் சத்தமாக வாசிக்கலாமா? ஆம் / வேண்டாம்."

ராதிகாவின் கையெழுத்து. "பொண்ணு. புதன்கிழமை காலைல. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. ரெண்டு கிலோ அறுநூறு. ரெண்டு பேரும் நல்லா கீறோம். மதி வாசிக்கணும். எத்திராஜ் வூடு வரிக்கும் கேக்கணும்."

கீழே "ஆம்" என்பதை மூன்று தடவை வட்டமிட்டிருந்தாள்.

பட்டாபிராமிலிருந்து சென்னீர்குப்பத்துக்கு எப்படிக் கேட்கும்? ஜெகதீஷிடம் சீட்டைக் காட்டினேன். படித்தான். போய், மைக் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவிட்டு வந்தான்.

வாசித்தேன்.